கொசுறாக வந்த படுக்கை

கப்பலில் சுற்றுலா போவதாக இருந்தால் பகல் பன்னிரண்டுக்கெல்லாம் துறைமுகத்துக்குப் போய்விடுங்கள். அப்போது வரிசை சின்னதாக இருக்கும், சாப்பாட்டுக் கூடமும் காலியாக இருக்கும். பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு மாலையில்தான் அறைக்குக் கொண்டுவந்து போடுவார்கள். அதனால் மாற்றுத் துணியும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பட்டதில் பாதியை வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரிக்க முடியாத பாதியை இங்கே சொல்கிறேன்.

நாங்களும் அன்று பன்னிரண்டுக்கே போய்விட்டோம், நானும் என் மனைவியும். எங்களுக்கு மொத்த ஜவுளிக் கடை. பிள்ளைகள் இல்லை. "கடைதான் நம்ம பிள்ளை, அதுவும் அடங்காத பிள்ளை" என்பாள் அவள். அந்தப் பிள்ளையைப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பூட்டிவிட்டு, ஆறு நாள் கடலில் கழிக்கக் கிளம்பியிருந்தோம்.

பதிவு மேசையில் இருந்த பெண் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் அட்டைகளைத் தந்தாள். கப்பலில் அந்த அட்டைதான் எல்லாம். கதவைத் திறப்பது அது, சாப்பாடு வாங்கித் தருவது அது. கரையில் இறங்கும்போதும் ஏறும்போதும் வாசல் இயந்திரத்தில் காட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அதை வைத்துத்தான் எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியே என்று கப்பல் தெரிந்துகொள்கிறது.

மூன்று அட்டைகள் இருந்தன. அறை எண் 6217. கீழே விருந்தினர் 1, விருந்தினர் 2, விருந்தினர் 3.

"நாங்க ரெண்டு பேர்தானே?" என்றாள் மனைவி.

"அறை மூணு பேருக்குப் பதிவாகியிருக்கு, மேடம்."

நான் அவள் காலை மெதுவாக மிதித்தேன். கடையில் நாங்கள் பேசிக்கொள்ளும் மொழி அது. வாயை மூடு, லாபம் வருகிறது என்று அர்த்தம். மூன்றாவது அட்டை என் சட்டைப் பைக்குள் போனது. அது நான் கேட்டு வாங்கிய கொசுறு.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தரகன் ஒருவன் இருக்கிறான். பட்டப்பெயர் சலுகை. கல்யாணம், வீடு, டிக்கெட் மூன்றுக்கும் அவன் ஒருவனே. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு வீடு விற்றுவிட்டு வருகிறவன். அவனும் நானும் துண்டு போட்டுத்தான் பேரம் பேசுவோம். கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை சொல்வது. ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு. முழுக் கையையும் அழுத்தினால் பேரம் முடிந்தது. சுற்றி நிற்பவனுக்கு ஒரு மண்ணும் புரியாது. எனக்கு ஏழு வயதில் இதைச் சொல்லிக்கொடுத்த அப்பா ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னார்.

"விரலுக்கு எண்ணிக்கை மட்டும்தான்டா தெரியும். என்ன சரக்கு, எங்க கொண்டுவந்து போடணும், எத்தனை நாளைக்கு, இதையெல்லாம் துண்டு போடறதுக்கு முன்னாடியே வாயால பேசி முடிச்சிடு. கைய அழுத்திட்டா அழுத்தினதுதான்."

சலுகையிடம் விலை படிந்தது. விலை படிந்தபின் கொசுறு கேட்காமல் எழுந்து வந்தவன் எங்கள் வம்சத்தில் கிடையாது.

"கொசுறு என்ன தர்ற?"

"கப்பல்ல என்னண்ணே கொசுறு? தண்ணி வேணா தரச் சொல்றேன். சுத்தி நிறைய கிடக்கு."

"நான் சும்மா எழுந்து போறவனா?"

அவன் கணினியைப் பார்த்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். "மூணு பேருக்குப் போட்ட அறை ஒண்ணு இருக்கு. மூணாவது ஆள் ஏறல. அந்தப் படுக்கையையும் நீங்களே வச்சுக்குங்க. சந்தோஷமா?"

"மூணாவது ஆள் யாரு?"

"வராதவங்களப் பத்தி நமக்கென்னண்ணே."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அறை ஆறாவது தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருந்தது. ஆட்டம் குறைவாக இருக்கும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் நடுவில்தான் அறை கேட்பார்கள். ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் மையிருட்டு. சுவரோரம் இரண்டு கட்டில்கள், இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவளுக்கு. அவள் கட்டிலுக்கு நேர்மேலே கூரையில் ஒரு நீண்ட பலகை பதிந்திருந்தது. அதுதான் மூன்றாவது படுக்கை. இழுத்தால் தொட்டில் மாதிரி கீழே தொங்கும்.

கதவைத் திறந்ததும் எனக்கு ஒரு வாடை அடித்தது.

முப்பது வருஷம் துணியோடு புழங்கியவன் நான். நனைந்த சரக்கை மடித்து, மேலே நாலு நல்ல துணியைப் போட்டுக் கட்டி அனுப்புகிற திருடர்களை வாடையை வைத்தே பிடித்திருக்கிறேன். இது அந்த வாடை. வெகு நாளாக மடித்தே கிடக்கிற ஈரத் துணி.

அறைப் பணியாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர், சிரித்த முகம். துண்டுகளை மடித்து யானை, வாத்து என்று செய்து கட்டில்மேல் வைப்பது அவர் வழக்கம். மேலே இருந்த பலகையைக் காட்டி மனைவி அவரிடம் கேட்டாள்.

"இத எப்பங்க தொடச்சீங்க?"

"அத நான் இறக்கினதே இல்ல, மேடம். இந்த அறைய எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் குடுப்பாங்க." அவர் பலகையைப் பார்க்காமலே சொன்னார். "பழைய கப்பல், மேடம். மூணு தடவை பேர மாத்தியிருக்காங்க."

கதவுக்கு உள்பக்கம், சுவரில் கைக்கு எட்டும் இடத்தில், ஒரு சின்னப் பிளவு இருந்தது. அட்டையை அதில் சொருகினால்தான் விளக்கும் ஏசியும் வேலை செய்யும். வெளியே போகும்போது அட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், எல்லாம் அணைந்துவிடும். இதற்கெல்லாம் மசிகிறவனா நான்? மூன்றாவது அட்டையைச் சொருகி அப்படியே விட்டுவிட்டேன். நாங்கள் வெளியே சுற்றினாலும் அறை குளுகுளுவென்று காத்திருக்கும்.

"ஆளில்லாத அறைக்கு எதுக்குங்க ஏசி?"

"காசு குடுத்த காத்து. வீணாப் போகக் கூடாது."

அன்று பிற்பகல் பொழுது போகாமல் அவளுக்கு விரல் பேரம் சொல்லிக்கொடுத்தேன். கரையில் இறங்கினால் அவளே பேரம் பேச வேண்டுமாம். கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து, துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டோம்.

"ஒரு விரல்னா ஒண்ணாம் நம்பர் அட்டை, அது நான். ரெண்டுன்னா நீ" என்றேன். ஒன்றைப் பிடித்தாள், இரண்டைப் பிடித்தாள். சரியாகச் சொன்னேன்.

அடுத்து மூன்று விரலைப் பிடித்தாள். "இது யாரு?"

"அந்த இடத்துக்கு ஆள் இல்ல" என்றேன்.

மேலே பலகை கிரீச்சிட்டது.

கப்பல் கட்டைகள் அப்படித்தான் என்று சொன்னேன். கப்பல் அப்போது கரையில் கட்டிக் கிடந்தது, அசையக்கூட இல்லை.

புறப்படுவதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. மணி அடித்தால் எல்லோரும் தங்களுக்குக் குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். இதை ஏமாற்ற நினைக்காதீர்கள், திரும்பத் திரும்பக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார்கள். ஒரு அதிகாரி பட்டியலோடு வந்து அறை அறையாகத் தலை எண்ணினார்.

"6217. ஒண்ணு, ரெண்டு, மூணு. சரி."

"நாங்க ரெண்டு பேர், சார்."

அவர் அடுத்த அறையின் ஆட்களை எண்ணத் தொடங்கியிருந்தார். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் வெறும் சுவர். சுவரோரத் தரையில் கொஞ்சம் ஈரம்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அறை சுத்தம் செய்யப்படாமல் கிடந்தது. பணியாளர் தன் தள்ளுவண்டியோடு நடைபாதையில் நின்றிருந்தார். நான் சற்று முறைப்பாகக் கேட்டுவிட்டேன்.

"தட்டினேன், சார். மேடம்தான் அப்புறமா வாங்கன்னு சொன்னாங்க."

"எந்த மேடம்?"

அவர் என் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் கையில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எடுத்துவந்த ஆப்பிள் இருந்தது. அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இவங்க குரல்தான், சார்."

உள்ளே போனோம். என் கட்டில்மேல் முதல் நாள் அவர் செய்து வைத்த துண்டு யானை இருந்தது. அவள் கட்டில்மேல் வாத்து. அவள் தலையணையை ஒட்டி மூன்றாவதாக ஒன்று. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் வடிவம்.

"இது நான் செய்யல, சார்" என்றார் பணியாளர், வாசலைத் தாண்டாமல். "எனக்கு இப்படி மடிக்கத் தெரியாது."

தொட்டுப் பார்த்தேன். முறுக்கிப் பிழிந்த ஈரம். ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அன்று மாலையே மனைவி சொல்லிவிட்டாள், மூன்றாவது அட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்று.

"நீங்க அங்க அட்டைய வச்சிருக்கீங்கன்னா அறைக்குள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். நாமதாங்க இருக்குன்னு சொல்லிட்டிருக்கோம்."

"யார்கிட்ட?"

"அது தெரிஞ்சா நான் இங்க உக்காந்திருப்பேனா? மத்தியானம் படுத்தப்ப மேல யாரோ புரண்டு படுத்தாங்க. கப்பல் கட்டைன்னு சொல்லாதீங்க. ஜவுளிக்காரன் பொண்டாட்டிகிட்டயே சாயம் போற துணிய விக்காதீங்க."

கழற்றுகிறேன் என்றேன். அன்றைக்குக் கழற்றவும் செய்தேன். மூன்றாம் நாள் காலை, கரையில் இறங்கும்போது, அவள் முன்னால் நடந்தாள், நான் கதவைச் சாத்தினேன். வெளியே வெயில் கொளுத்தும், திரும்பி வந்தால் அறை புழுங்கும் என்று தோன்றியது. பழக்கதோஷம். அட்டையைச் சொருகிவிட்டுப் போனேன். அவளிடம் சொல்லவில்லை.

இந்தக் கதையில் நான் செய்த இரண்டு தப்புகளில் அது முதலாவது.

ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பும், நாலரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் ஊரைச் சுற்றிவிட்டு, அவள் தானே பேரம் பேசி வாங்கிய ஒரு கைப்பையோடு, நாலேகாலுக்கு ஏறுபாலத்துக்கு வந்தோம். பாலம் ஏறினால் கப்பல் வாசல். வாசலில் இயந்திரம், அதற்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி.

என் அட்டையைக் காட்டினேன். டிங். உள்ளே போய் நின்றேன்.

அவள் அட்டையைக் காட்டினாள்.

டிங் வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

அதிகாரி திரையைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "இந்த மேடம் ஏற்கெனவே உள்ள வந்துட்டாங்களே."

"இப்பதாங்க வர்றேன்" என்றாள் என் மனைவி.

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி வந்தாங்க. அட்டை தொலைஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. அறை எண் கேட்டேன், சரியாச் சொன்னாங்க. திரையில இருந்த படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாத்து நான்தான் உள்ள விட்டேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "தலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது. மழையே இல்லையேன்னு நெனச்சேன்."

"அது இவங்க இல்ல. இவங்கதான் என் மனைவி" என்றேன்.

"6217ல எல்லாரும் ஏறிட்டாங்க, சார். கணக்கு சரியா இருக்கு. ஒரு ஆள் அதிகமா நான் ஏத்த முடியாது."

அவள் தொலைபேசியை எடுத்து எங்கள் அறை எண்ணை அழுத்தினாள். நாங்கள் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள். இரண்டு மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"யாரு?"

என் மனைவியின் குரல். கடையில் மேல்மாடியிலிருந்து கூப்பிட்டால் எப்படி இருக்குமோ, அதேபோல.

"வாசல்லேருந்து பேசறேன், மேடம். உங்க பேர்ல இங்க ஒருத்தங்க..."

"நான் உள்ளதான் இருக்கேன். அப்புறமா வாங்க."

தொலைபேசி துண்டிக்கப்பட்டது. பாலத்தில் நின்ற என் மனைவி கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தன் குரலை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி வெறுமனே அசைந்தது.

"பாஸ்போர்ட் கொண்டு வாங்க, சார். அஞ்சுக்குப் பாலத்த எடுத்துடுவாங்க" என்றாள் அதிகாரி.

பாஸ்போர்ட் அறைக்குள் லாக்கரில் இருந்தது. நகல் எடுக்கவில்லை. அதற்கு ஆகிற செலவை மிச்சம் பிடித்திருந்தேன்.

"அட்டைய எடுத்தீங்கதானே?" என்று கேட்டாள் மனைவி. கிசுகிசுப்புத்தான் வந்தது.

நான் லிஃப்ட் பக்கம் திரும்பினேன். அவள் புரிந்துகொண்டாள்.

லிஃப்டுக்கு முன்னால் கூட்டம். படிக்கட்டில் ஓடினேன். ஆறாவது தளத்து நடைபாதை, ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரி விளக்குகள், காலடிச் சத்தத்தை விழுங்கும் கம்பளம். எங்கள் கதவுக்குப் பத்தடி முன்னாலிருந்தே கம்பளம் சதக் சதக்கென்றது. என் செருப்பைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது.

அட்டையைக் காட்டினேன். பூட்டு திறந்தது.

கதவு நாலு விரற்கடை திறந்து நின்றது. உள்ளே சங்கிலி போட்டிருந்தது.

இடுக்கில் வெளிச்சம். குளிர்ந்த காற்று. அந்த வாடை.

"சங்கிலிய எடு" என்றேன். யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன்.

தண்ணீர் சொட்டியது. எங்கோ தலைக்கு மேலே கப்பலின் ஊதல் ஒருமுறை ஒலித்தது. நாலு நாற்பது.

அட்டை சொருகியிருந்த இடம் ஞாபகம் வந்தது. கதவை ஒட்டிய சுவர், உள்பக்கம், கைக்கு எட்டும் இடம். அட்டையைப் பிடுங்கிவிட்டால் அறைக்குள் ஆள் இல்லை என்றாகிவிடும். இடுக்கில் கையை நுழைத்தேன். மணிக்கட்டு நுழைந்தது, முழங்கை வரை நுழைந்தது. சுவரைத் தடவினேன். விரல் நுனியில் அட்டையின் விளிம்பு பட்டது.

என் கைமேல் ஒரு ஈரத் துண்டு விழுந்தது.

துண்டுக்கு அடியில் ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது.

வெகுநேரம் தண்ணீரில் ஊறி, தோல் சுருங்கிய கை. அது இறுக்கவில்லை, இழுக்கவில்லை. பொறுமையாக என் விரல்களைத் தடவிப் பார்த்தது. சந்தையில் பழகிய தரகன் தடவுவதுபோல.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் நாள் பிற்பகல் நான் ஒருத்திக்குத்தான் பாடம் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு விரல்களைப் பிடித்தது.

இரண்டு. என் மனைவியின் இடம்.

"அது விக்கிறதுக்கு இல்ல" என்றேன்.

இரண்டு விரல்களை மறுபடி பிடித்தது. இந்தத் தடவை அழுத்தம் அதிகம்.

நான் ஒரு விரலைக் கொடுத்தேன். என் இடம். என்னை எடுத்துக்கொள். அது என் விரலை ஒரு நொடி பிடித்துப் பார்த்துவிட்டு, தரமில்லாத துணியை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிட்டது.

மறுபடி இரண்டு.

இடுக்கின் மறுபக்கம், என் முகத்துக்கு வெகு அருகில், யாரோ மூச்சு விட்டார்கள். குளிர்ந்த மூச்சு.

நாலு நாற்பத்தெட்டு. கீழே பாலத்தில் அவள் நிற்கிறாள். கையில் பாஸ்போர்ட் இல்லை, தெரியாத ஊர். கப்பலின் கணக்கில் அவள் உள்ளே இருக்கிறாள். ஐந்து மணிக்குப் பாலத்தை எடுத்துவிட்டால் என்னோடு வீடு திரும்பப் போவது இந்தக் கை.

மூன்று விரல்களை நீட்டினேன். "இது உன்னோடது. யாரும் கேக்க மாட்டாங்க. மூணாவது இடம். எடுத்துக்க."

அது யோசித்தது. மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, எண்ணிப் பார்த்தது.

பிறகு என் முழுக் கையையும் அழுத்தியது.

நானும் அழுத்தினேன். பேரம் முடிந்தது.

கையை இழுத்தேன், அட்டை என் கையோடு வந்துவிட்டது. அறை இருண்டது. உள்ளே சங்கிலி தானாகக் கழன்று கதவில் மோதுகிற சத்தம் கேட்டது. உள்ளே போனேன். கைபேசி வெளிச்சத்தில் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்தேன். கூரைப் பலகை கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் விரிப்பு சொதசொதவென்று நனைந்து, ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த பள்ளத்தோடு இருந்தது.

ஓடினேன். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் எதையோ அழித்து, எதையோ எழுதினாள்.

டிங்.

என் மனைவி உள்ளே வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

மீதி மூன்று நாளும் அந்த அறையில் நாங்கள் தூங்கவில்லை. மேல்தளத்துச் சாய்வு நாற்காலிகளில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். என்ன நடந்தது என்று அவள் கேட்டாள். பேரம் படிந்தது என்று மட்டும் சொன்னேன். என்ன விலை என்றாள். கொசுறைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். கடைசி நாள் மூன்றாவது அட்டையைப் பதிவு மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினோம்.

இரண்டாவது தப்பு எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது.

துண்டு போடுவதற்கு முன்னால் நான் எதையும் வாயால் பேசி முடிக்கவில்லை. மூன்றாவது இடம் என்றேன். எங்கே என்று சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. கப்பலில்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததை யார் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்?

வீட்டில் ஒரு சின்ன அறை உண்டு. விருந்தாளி வந்தால் படுக்க ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறோம். அதன் விரிப்பு காலையில் ஈரமாக இருக்கத் தொடங்கியது. கூரை ஒழுகுகிறது என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாயம் போகிற துணி என்று அவள் திரும்பவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு அவள் கடையிலிருந்து வீட்டுக்குப் போனாள். பத்து நிமிடத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

"என்னங்க, உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"யாரும் இல்லையே வீட்டுல."

"தட்டினேன்." அவள் குரல் மெலிந்துபோயிருந்தது. "அப்புறமா வாங்கன்னு சொல்லுது. அதே குரல்ங்க."

"அங்க நிக்காத. உடனே வா."

வந்துவிட்டாள். அன்றைக்கே கடையின் மேல்மாடிக்குக் குடிவந்துவிட்டோம். துணிக்கட்டுகளை ஒதுக்கி இரண்டு பாய்கள் விரித்தோம். இரண்டே இரண்டு. வீட்டை எந்த விலைக்காவது தள்ளிவிடு என்று சலுகையிடம் சொன்னேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு அவனுக்கே பயம் வந்துவிட்டது.

இன்று காலை பத்தரை மணிக்கு அவன் போன் செய்தான். நான் கடையில் இருந்தேன். எதிரே என் மனைவி ஒரு வாடிக்கையாளருக்குத் துணி அளந்துகொண்டிருந்தாள். கத்தரிக்கோல் அவள் கையில் இருந்தது.

"அண்ணே, வீட்ட அளக்கலாம்னு வந்தேன். நல்லா விளையாடறீங்க ரெண்டு பேரும்."

"என்னடா?"

"விக்கணும்னு நீங்க சொல்றீங்க. அண்ணி கதவ இத்தனூண்டு தெறந்துட்டு, இது விக்கிறதுக்கு இல்லன்னு சொல்றாங்க. தலைக்குக் குளிச்சிருப்பாங்க போல, சொட்டச் சொட்ட நிக்கறாங்க."

எதிரே கத்தரிக்கோல் துணியில் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு கேக்கணும்ணே. அண்ணிக்கு விரல் பேரமெல்லாம் எப்ப சொல்லிக்குடுத்தீங்க? அப்புறமா வாங்கன்னு சொல்லிட்டு, கையில துண்டப் போட்டு இடுக்கு வழியா நீட்டினாங்க. வெளையாட்டுக்குத்தானேன்னு நானும் கையக் குடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது கை. அண்ணன்கிட்ட அப்படியே சொல்லுங்கன்னாங்க."

"என்ன புடிச்சாங்க?"

"ரெண்டு விரல்ணே. ரெண்டுன்னா என்ன கணக்கு?"